இருபது ரூபாய்த் தண்ணீர்

உத்தமன் பாக்கி வைத்துவிட்டு வந்தது இருபது ரூபாய். யாரும் அவரிடம் கேட்காத காசு அது. அவராகவே வாயைத் திறந்து கடன் என்று சொல்லி, அவராகவே தொகை போட்டு, அவராகவே கையடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

ராஜஸ்தான் பயணம் முடிந்து பருத்திப்பட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில், அவர் மனைவி ராஜகுமாரி கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருந்த எவர்சில்வர் டம்ளரைக் கழுவ எடுத்தாள். அப்போதுதான் அவர் தண்ணீர் குடித்துவிட்டு வைத்த டம்ளர். உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றாள். குடித்த டம்ளரின் அடியில் கொஞ்சமாவது ஈரம் நிற்கும், விளிம்பில் உதடு பட்ட தடம் இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. மொட்டைமாடி வெயிலில் பகல் முழுக்கக் கவிழ்த்துப்போட்ட பாத்திரம்போல உள்பக்கம் காய்ந்து, சூடேறிக் கிடந்தது. விரலை விட்டுத் தடவினாள். மாவு சலித்த சல்லடையைத் தொட்டமாதிரி நறநறவென்று ஒட்டியது. வெளுத்த, மெல்லிய மணல்.

பயணத்து மணல் பையிலும் செருப்பிலும் வந்திருக்கும், டம்ளருக்கும் வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே ஒழிய, டம்ளரை இரண்டு தரம் தேய்த்துக் கழுவினாள்.

தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு மணவாளன் வருஷா வருஷம் குளிர்காலத்தில் ஒரு பயணம் கூட்டிப்போவார். உத்தமனோடு ஒரே ஷெட்டில் வெல்டிங் போட்ட ஆள். இந்த மார்கழிக்கு ஜெய்சல்மேர். அங்கே ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டு, காலையில் வேனில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புகிறமாதிரி தினம் ஓர் இடம். ஒரு நாள் மணல்மேடும் ஒட்டகச் சவாரியும். ஒரு நாள் கோட்டை. ஒரு நாள், எந்தக் காலத்திலோ ஜனங்கள் விட்டுப்போன ஒரு பாழூர். வேனில் ஏறினால் ராஜகுமாரி தண்ணீரே குடிக்கமாட்டாள். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்ற பயம், வயசான பொம்பளைகள் எல்லாருக்கும் உள்ளதுதான். உத்தமனுக்கு அந்தக் கவலை இல்லை. பாழூரில் எல்லாரும் இடிந்த சுவரைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தபோது அவர் தாகம் என்று தனியே நடந்துவிட்டார்.

டிரைவர் ஹாரன் அடிக்க, ராஜகுமாரிதான் தேடிப் போனாள். ஒரு குட்டிச்சுவரின் நிழலில் ஒருத்தி பானையோடு உட்கார்ந்திருந்தாள். சிவப்புத் துணி முகத்தை மூடி மார்புவரை தொங்கியது. அவள் சாய்த்து ஊற்ற, எதிரில் குந்தியிருந்த உத்தமன் இரண்டு கையையும் சேர்த்து வாயில் வைத்து மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்து ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிறாள். சில்லறை இல்லையென்று நினைத்து இவர் மறுபடி நீட்டினார். மறுபடி ஆட்டினாள். அந்த ஊரில் தாகத்துக்குத் தருகிற தண்ணீருக்குக் காசு வாங்க மாட்டார்கள்போல. அதோடு கும்பிடு போட்டு வந்திருக்கலாம். உத்தமனால் முடியவில்லை. வேலை பார்த்த காலம் முழுக்க கேண்டீன் டீக்குக்கூட பாக்கி வைக்காதவர், பொழுது விடிந்தால் கேன் தண்ணீர்க்காரனுக்குக் காசு எண்ணிக் கொடுத்தே பழகியவர். இனாமாக வாங்கிக் குடித்தோம் என்பதை அவர் மனசு ஏற்கவில்லை. தொழிற்சாலையில் வடக்கத்தி ஆட்களிடம் பொறுக்கிய இந்தியில் சொன்னார்: இது இனாம் இல்லை, கடன். நம்ம ஊரில் ஒரு பாட்டில் இருபது ரூபாய். சாயங்காலம் திரும்பி வரும்போது நானே என் கையால் தருகிறேன்.

அப்போதுதான் அவள் தலையாட்டுவதை நிறுத்தினாள். உள்ளங்கையை நீட்டினாள். உத்தமன் சிரித்துக்கொண்டே, டீக்கடையில் பந்தயம் கட்டுகிறமாதிரி, அந்தக் கையில் ஓங்கி ஓர் அடி அடித்து உறுதி கொடுத்தார்.

சாயங்காலம் வேன் வேறு வழியில் திரும்பியது. சூரியன் மறைகிற அழகைப் பார்க்க வேண்டுமென்று எல்லாரும் கேட்டார்கள்.

ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் உத்தமனுக்கு அதே புலம்பல். மணவாளன் பெட்டியே சிரிக்கும்படி சொன்னார்: "இருபது ரூபாக்கு இவன் கலங்குறதப் பாத்தா, அந்தம்மா வக்கீல் நோட்டீஸ் உட்டுட்டா மாதிரி கீது. டேய் மாமே, ஊருக்குப் போய் ஒரு உண்டியல்ல போட்டுட்டுத் தூங்குடா."

உத்தமன் மட்டும் சிரிக்கவில்லை.

ஊருக்கு வந்தபிறகு தாகம் ஆரம்பித்தது. காலையில் இறக்கிய கேன் சாயங்காலம் காலியாகிவிடும். குடித்துக்கொண்டே இருந்தார். குடித்துவிட்டு உதட்டை நக்கினால் நாக்கு காகிதம்போல உரசுகிற சத்தம் கேட்டது. ராத்திரியில் நாலு தடவை எழுந்து பாத்ரூம் போகிற மனுஷன் இப்போது போவதே இல்லை என்று ராஜகுமாரிக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. குளித்துவிட்டு வெளியே வருவார். தலைமயிர் காய்ந்து நிற்கும், துண்டு மடிப்புக் கலையாமல் கொடியில் தொங்கும், பாத்ரூம் தரையில் ஈரம் இருக்காது. வெளியே அந்த வருஷத்து மழைக்குப் பருத்திப்பட்டு ஏரி தளும்பி நின்றது, சுவரெல்லாம் ஓதம் ஏறி சுண்ணாம்பு உதிர்ந்தது, ஜட்டி பனியன் காய இரண்டு நாள் ஆகிற காலம். அந்த வீட்டுக்குள் மட்டும் அவர் உட்கார்ந்த நாற்காலியைச் சுற்றி வறண்ட காற்று நின்றது.

படுக்கையை உதறினால் மணல் கொட்டியது. பெருக்கி அள்ளி வாசலில் கொட்டிவிட்டு வந்தாள். மறுநாள் எழுந்து பார்த்தால் கட்டிலைச் சுற்றி மறுபடியும் மணல், காற்று வரைந்த வரிவரியாக. மணல்மேட்டில் பார்த்த அதே வரி. பிறகு அந்த வரியை அவர் முழங்கையிலும் பார்த்தாள்.

அந்த இரண்டு பேருக்கும் பிள்ளை குட்டி இல்லை. அவளுக்கு அவர், அவருக்கு அவள். பி.எஃப். பணத்தில் கட்டிய வீடு, மாடியில் வாடகைக்கு இருக்கிற சபீனா, மாசம் வருகிற பென்ஷன், இவ்வளவுதான் உலகம். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் ஒரு கையில் குத்தினாள், மறு கையில் குத்தினாள். ஊசி வெறுமனே வந்தது. நரம்பு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். பெரிய டாக்டர் வந்து எப்படியோ குளுக்கோஸ் ஏற்றினார். சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டிய பாட்டில். நர்ஸ் திரும்பி ஊசியைக் குப்பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது பாட்டில் சப்பையாகி, உறிஞ்சித் தூக்கிப்போட்ட ஜூஸ் பாக்கெட்போல ஒட்டிப்போயிருந்தது. அவள் ராஜகுமாரியைப் பார்த்தாள். ராஜகுமாரி அவளைப் பார்த்தாள். எல்லாம் நார்மல், வயசு, பயண அலுப்பு என்று எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போகணும் என்றார். கேட்ட விதத்தில் குழந்தை அடம் இருந்தது. தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். பிடித்த தோள் துணிக்குள் வெறும் கோணிபோல இருந்தது. நடைபாதையில் ஐ.டி. பிள்ளைகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். உத்தமன் கரையில் குந்தி இரண்டு கையையும் தண்ணீரில் விட்டார். அவ்வளவுதான் செய்தார். கல்லை நனைத்துக்கொண்டிருந்த தண்ணீர் ஓர் அடி உள்வாங்கியது. அப்புறம் இன்னும் ஓர் அடி. சேறு தெரிந்தது, சேற்றில் துள்ளுகிற குஞ்சு மீன் தெரிந்தது, பிறகு சேறு வெளுத்து வெடித்தது. ராஜகுமாரி அவர் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பின்னால் யாரோ, மதகைத் திறந்துவிட்டார்களா என்று கேட்டது காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து படுக்கவைத்தபோது அவர் சொன்னார்:

"எதுவும் எனக்கு நிக்கலமே. நான் குடிக்கிறது எல்லாம் எங்கியோ போவுது. யாரோ உள்ள உக்காந்துகினு வாங்கிக்கிறா."

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த இருபது ரூபாய் ஞாபகம் வந்தது.

மணவாளனுக்குப் போன் போட்டாள். சிரிப்பார் என்று நினைத்தாள். நண்பனை வந்து பார்த்துவிட்டுப் போனவர் சிரிக்கவில்லை. ஜெய்சல்மேர் வேன் டிரைவருக்குப் போனில் காசு அனுப்பி, பாழூருக்குப் போய் அந்தப் பொம்பளையிடம் இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். அடுத்த நாள் பதில் வந்தது.

"தங்கச்சி, அங்க ஆளே இல்லியாம்மா. தண்ணியும் இல்லியாம். நம்ம டிரைவரு இருபது ரூபாத் தாள அந்தச் சுவத்து மேல போட்டு, கல்லு வெச்சுட்டு வந்துட்டான். நீ இன்னாத்தையும் நெனச்சிக்காத."

நெஞ்சுக்குள் ஒரு மூச்சு இறங்கியது. அன்றைக்கு ராத்திரி உத்தமன் தண்ணீர் கேட்காமல் தூங்கினார். அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே அவளும் தூங்கினாள்.

விடிந்து டம்ளரை எடுத்தாள். டம்ளருக்கு அடியில் ஓர் இருபது ரூபாய்த் தாள் இருந்தது. மடிப்பில் மணல். எடுக்கப் போனாள். சுட்ட அப்பளம்போல விரலில் நொறுங்கிப் பொடிந்து ஸ்டூலில் உதிர்ந்தது.

சபீனாதான் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தாள். அழுதுகொண்டே ராஜகுமாரி எல்லாவற்றையும் சொன்னாள். சபீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"ராஜிம்மா, காசுக்கு அங்க இன்னா வேலை? தண்ணி வாங்குனா தண்ணியத்தான கேப்பாங்க."

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்க வேறு எதுவும் இல்லை. போகிக்கு முதல் நாள் சாயங்காலம் வீட்டில் இருந்த குடம், அண்டா, பக்கெட், குக்கர் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி கேட்டுக்கு வெளியே வரிசையாக வைத்தாள். தர்காவில் ஓதி வாங்கிய தண்ணீர் ஒரு பாட்டிலைச் சபீனா கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும். வந்து எடுத்துக்கொண்டு போ, என் புருஷனை விட்டுவிடு. கேட்டைப் பிடித்துக்கொண்டு இதையே முணுமுணுத்தாள்.

போகிக் காலை மேளச் சத்தத்தில் விடிந்தது. தெருப் பிள்ளைகள் கொட்டுகிற சின்ன மேளம், ஒரே தாளம், டண்டணக்கு டண்டணக்கு என்று மூலைக்கு மூலை. பழைய பாய், தலகாணி, சைக்கிள் டயர் எரிகிற புகை ஏரிப் பனியோடு கலந்து எதிர்வீட்டையே மறைத்து நின்றது. கண் எரிந்தது. தொண்டை கரித்தது. ராஜகுமாரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கையில் தர்கா பாட்டிலோடு கேட்டைத் திறந்தாள்.

குடங்கள் காய்ந்திருந்தன. அண்டா காய்ந்திருந்தது. பிளாஸ்டிக் பக்கெட் வெயிலில் வருஷக்கணக்காகக் கிடந்ததுபோல வெளுத்து, விரிசல் விட்டுக் கிடந்தது.

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. பக்கத்துத் தெரு. அடுத்த தெரு. கடைசியாக ஏரிப் பக்கம்.

டயர் நாற்றத்துக்குள் இன்னொரு வாசனை வந்தது. சுட்ட மண்ணில் தண்ணீர் விழுந்த வாசனை.

கேட்டின் தூண் ஓரம் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

சிவப்புத் துணி. மடியில் பானை. நீட்டிய கை. உள்ளங்கை மேலே பார்த்து.

ராஜகுமாரிக்குக் கத்தத் தோன்றவில்லை. கத்தினால் யார் வருவார்கள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். கை மூடவில்லை. தாள் பழுத்து, சுருண்டு, பொடியாகி, காற்றில் போனது. பாட்டிலைத் திறந்து தர்கா தண்ணீரை அந்தக் கையில் ஊற்றினாள். ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை. உள்ளே ஓடினாள். கேன் தண்ணீரை இழுத்துவந்து ஊற்றினாள். கீழே விழவில்லை. சம்புத் தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு வந்து ஊற்றினாள். கால் வழுக்கியது. முழங்காலில் தோல் பெயர்ந்தது. ஊற்றினாள். சம்பின் அடி தெரிந்தது. பக்கெட் தரையை உரசியது. ஊற்றினாள். கை அப்படியே இருந்தது. நீட்டியபடி. காய்ந்தபடி.

ராஜகுமாரி அவள் காலடியில் விழுந்தாள்.

"எம்மா, என்கிட்ட எடுத்துக்கோ. என் ஒடம்புல கீறது அத்தினியும் எடுத்துக்கோ. அவரு இல்லாம நான் ஒண்ணுமில்ல."

சிவப்புத் துணி மெல்ல ஆடியது. இடமும் வலமும். அன்றைக்கு ஐந்நூறு ரூபாய்க்கு ஆட்டிய அதே தலை. நீ குடிக்கவில்லை. உன்னிடம் எனக்கு ஒன்றும் வரவேண்டியதில்லை.

வீட்டுக்குள்ளே சத்தம். சலித்த மணலைத் தரையில் இழுக்கிற சத்தம். ஓர் அடி. நின்றது. இன்னோர் அடி.

உத்தமன் வந்தார். பயணத்துக்கென்று வாங்கிய சாம்பல் ஸ்வெட்டர். அவர் வந்த வழியெல்லாம் வெளுத்த கோடு. ராஜகுமாரி எழுந்து குறுக்கே நின்றாள். அவர் அவளைத் தள்ளவில்லை, தள்ளுகிற பலமில்லை. அவள்தான் பிடித்தாள். பிடித்த இடம் கைக்குள் உதிர்ந்தது. பயந்துபோய்க் கையை எடுத்தாள்.

அவர் முகத்தில் பல நாளாய் இல்லாத தெளிவு இருந்தது. சம்பளத்தன்று கடைக்காரனுக்குக் காசு கொடுக்கப் போகிறவன் முகம்.

"நானே வந்து தரேன்னுதான் சொன்னேன்," என்றார் சிவப்புத் துணிக்காரியைப் பார்த்து. "தேடிக்கினு வந்துட்ட பாரு."

எதிரில் குந்தினார். பானையின்மேல் குனிந்தார். வாயைத் திறந்தார்.

தண்ணீர் விழுந்தது. முதலில் நூலாக. பிறகு கயிறாக. பானையின் அடியில் தண்ணீர் படுகிற சத்தம் ராஜகுமாரிக்குத் தெரியும். பொண்ணாய்ப் பிறந்த நாளிலிருந்து குழாயடியில் நின்று கேட்ட சத்தம். பார்க்காமலே சொல்வாள், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று. கண்ணை மூடிக்கொண்டாள். காதை மூட முடியவில்லை. கால் பானை. அரைப் பானை. சத்தம் மேலே ஏறியது. மெலிந்தது. கழுத்து.

நிறைந்துவிட்டது.

கண்ணைத் திறந்தாள். ஸ்வெட்டர் கிடந்தது. வேட்டி கிடந்தது. இரண்டுக்கும் உள்ளே, கொத்தனார் வேலை முடிந்து விட்டுப்போனமாதிரி, ஒரு சின்னக் குவியல்.

சிவப்புத் துணிக்காரி எழுந்தாள். பானையை இடுப்புவரை தூக்கினாள். நின்றாள். ராஜகுமாரியைப் பார்த்துத் தலையைச் சற்றே சாய்த்தாள்.

அந்தச் சாய்ப்பு எந்த ஊர்ப் பொம்பளைக்கும் புரியும். ஒரு கை கொடு. தலையில் ஏற்றிவிடு.

ராஜகுமாரி மாட்டேன் என்றாள். மனசுக்குள் சொன்னாள். அடிபம்பிலும் லாரித் தண்ணீரிலும் எத்தனையோ பேருக்கு ஏற்றிவிட்ட கை அது. கேட்கவில்லை. தானாகப் போய்ப் பானையின் அடியில் ஏந்தியது. கனத்தது. அப்படிக் கனத்தது. பானை குளிர்ந்திருக்கும் என்று நினைத்தாள். இல்லை. காய்ச்சல்காரன் நெற்றிபோல் வெதுவெதுப்பாக இருந்தது. தூக்கினாள். அவள் தலையில் சும்மாட்டின்மேல் உட்கார்த்தினாள். அசையாமல் நிற்கிறதா என்று ஒரு தரம் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். பழக்கம்.

சிவப்புத் துணிக்காரி திரும்பிப் புகைக்குள் நடந்தாள். ஏரிப் பக்கம் இல்லை, ஏரிக்கு எதிர்ப்பக்கம். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நாலு வீடு தள்ளிப் போனபோது, பானைக்குள்ளிருந்து ஒருவர் இருமினார். நாற்பது வருஷம் வெல்டிங் புகை குடித்த இருமல். தூக்கத்தில்கூட ராஜகுமாரி அடையாளம் சொல்வாள்.

பிறகு புகை மூடிக்கொண்டது. மேளம் மறுபடி ஆரம்பித்தது.

இருபது ரூபாய்க் கடன் தீர்ந்திருந்தது. ராஜகுமாரி கேட்டடியில் நின்றாள். பானையை ஏந்திய அவள் இரண்டு உள்ளங்கைகளும் நனைந்திருந்தன. புடவையில் துடைக்கவில்லை. விரலைச் சேர்த்துக் குவித்து, நெஞ்சோடு வைத்து, குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.